உட்காரத் தெரியாத பேண்டு செட்டு

ஒரு பேண்டு செட்டை நாற்காலியில் உட்கார வைத்தால் என்ன ஆகும் என்பது பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் அவர்களுக்கு வந்திருக்காது. ஸ்ரீவில்லிபுத்தூர் கண்மாய்க் கரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூடியிருந்தவர்களுக்கு மட்டும் அது நன்றாகத் தெரியும். அந்தக் கூட்டத்தில் ஆறாம் வகுப்பு 'பி' பிரிவு முழுசாக இருந்தது. நானும் அந்த 'பி' பிரிவுதான். பேண்டு செட்டின் முன்வரிசையில் நட்டநடுவில் உட்கார்ந்திருந்தவர் என் அப்பா.

அப்பாவுக்கு ராஜபாளையத்தில் மோட்டார் வைண்டிங் கடை. கிணற்று மோட்டார், மிக்சி, கிரைண்டர் என்று எரிந்துபோனது எல்லாம் அவரிடம் வரும். ஞாயிற்றுக்கிழமையானால் அவர் மாதா கோவில் பேண்டில் யூஃபோனியம் வாசிப்பவர். மூன்று வயசுப் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொள்வதுபோல் நெஞ்சோடு அணைத்து ஊதவேண்டிய பெரிய பித்தளைக் குழல் அது. டிரம்பெட் மாதிரி முன்னால் வந்து கத்தாது. பின்னால் நின்று உறுமும். பேண்டில் மற்றவர்களும் அப்பா மாதிரிதான். ஒருவர் மில் ஃபிட்டர், ஒருவர் புரோட்டா மாஸ்டர், ஒருவர் மினி பஸ் கண்டக்டர். பெரிய டிரம் அடிப்பவர் என் தாய்மாமா. பேண்டேஜ் துணி நெய்யும் கம்பெனியில் வேலை. யாரும் காசுக்கு வாசிக்கிறவர்கள் கிடையாது. கோவில் திருவிழாவில் மாதா சப்பரம் தெருச் சுற்றி வரும்போது முன்னால் வாசித்துக்கொண்டு போவார்கள். குருத்தோலை ஞாயிறு பவனிக்குப் போவார்கள். கோவிலைச் சேர்ந்த பங்கு மக்களில் யாராவது இறந்துபோனால் கல்லறை வரைக்கும் போவார்கள்.

இதெல்லாம் ராஜபாளையத்தோடு இருந்தவரை எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. என் பள்ளிக்கூடம் ஸ்ரீவில்லிபுத்தூரில். தினமும் ஸ்கூல் பஸ்சில் போய்வருவேன். ராஜபாளையத்தில் எனக்கு ஒரு அப்பா, ஸ்ரீவில்லிபுத்தூரில் இன்னொரு அப்பா. இந்த இரண்டாவது அப்பாவை நானே உண்டாக்கினேன். "உங்க டாடி என்ன பண்றாங்க?" என்று கேட்டால் "எலக்ட்ரிக்கல் பிசினஸ்" என்பேன். பொய் இல்லை. யூஃபோனியத்தைப் பற்றி மூச்சு விடமாட்டேன். எங்கள் வகுப்புப் பையன்களுக்கு பேண்டு என்றால் கல்யாணக் காருக்கு முன்னால் ஆடுவது, இல்லையென்றால் சாவு. ரோட்டில் ஏதாவது பேண்டு போனால் பஸ் ஜன்னலிலிருந்து கன்னத்தை உப்ப வைத்துக்கொண்டு பீப்பீ என்று ஊதிக் காட்டுவார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து சிரிப்பேன். சிரிக்காமல் இருந்தால் சந்தேகம் வந்துவிடுமே.

அந்த வருஷம் மழை நன்றாகப் பெய்து ஸ்ரீவில்லிபுத்தூர் கண்மாய் நிரம்பி, மிச்சத் தண்ணீர் மறுகால் பாய்ந்தது. கரைமேல் அப்போதுதான் நடைபாதை போட்டுக் கம்பி கட்டி விளக்குக் கம்பம் நட்டிருந்தார்கள். அதில் காலையில் கை வீசி நடக்கிறவர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். கண்மாய் நிறைந்ததைக் கொண்டாட விழா எடுத்த அந்தச் சங்கத்துக்கு, நாதஸ்வரம் வேண்டாம், பாட்டுக் கச்சேரி வேண்டாம், தண்ணீரோரம் பேண்டு வாத்தியம் வைத்தால் வெளிநாடு மாதிரி இருக்கும் என்று தோன்றிவிட்டது. அந்தச் சங்கத்தின் தலைவர், ஓய்வுபெற்ற பேங்க் அதிகாரி, ஒருநாள் எரிந்துபோன மோட்டாரை எடுத்துக்கொண்டு அப்பாவின் கடைக்கு வந்தார். மோட்டாரோடு எங்கள் மானமும் சேர்ந்து போகப்போகிறது என்று யாருக்குத் தெரியும்?

அப்பா அன்றைக்கு வீட்டுக்கு வந்தபோது செருப்பைக் கழற்றாமலே அடுப்படி வரைக்கும் போய்விட்டார்.

"நாற்காலி போட்டு வாசிக்கணுமாம்ட்டி" என்றார் அம்மாவிடம். "நமக்கும் நாற்காலி, கேக்குறவியளுக்கும் நாற்காலி. ரெண்டு பாட்டு."

அம்மா, அதற்கென்ன இவ்வளவு ஆட்டம் என்பதுபோல் பார்த்தாள். அப்பா என் பக்கம் திரும்பினார்.

"பாப்பா, நீயே சொல்லு. நாங்க எப்பவும் போய்க்கிட்டேல்லா இருக்கோம். ஒரு வீட்டுல மொத வரிய கேப்பாவ. அடுத்த வீட்டுல ரெண்டாவது வரிய கேப்பாவ. ஒரு பாட்ட முழுசா கேட்டவன் இந்த ராஜபாளையத்துல ஒருத்தன் கெடையாது. ஒருநாளாவது நாலு பேரு உக்காந்து கேக்கட்டுமே."

எந்த ஊர் என்று கேட்டேன். வில்லிபுத்தூர் என்றார். என் இரண்டாவது அப்பா இருக்கிற ஊர்.

இரண்டு பாட்டில் முதல் பாட்டு எல்லோரும் சேர்ந்து வாசிக்கிற மாதா பாட்டு. இரண்டாவது பாட்டு அப்பாவே மெட்டுப் போட்டது. அதில் ஆரம்பம் முழுக்க யூஃபோனியம் மட்டும் தனியாக வரும். இத்தனை வருஷமாக டிரம்பெட்டுக்குப் பின்னால் உறுமிக்கொண்டிருந்த குழலுக்கு அவர் கொடுத்த மரியாதை அது. அந்த மாதம் முழுவதும் கடையை அடைத்துவிட்டு வந்ததும் பிளாஸ்டிக் நாற்காலியை நடுக்கூடத்தில் போட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு வாசிப்பார். முதல் இரண்டு நாள் திணறினார். மூன்றாம் நாளிலிருந்து காலை அசைக்காமல் அழகாக வாசித்தார். அம்மா தட்டில் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு, பாட்டு முடியட்டும் என்று காத்திருப்பாள். நான் எழுந்து ஜன்னலைச் சாத்துவேன்.

பேண்டு ஆட்கள் கோவில் மைதானத்தில் சேர்ந்து பழகினார்கள். வழக்கம்போல் நடந்துகொண்டேதான். அவர்கள் படித்த படிப்பு அப்படி. நோட்ஸ் எழுதிய தாளை அவர்களில் யாரும் பார்த்ததில்லை. இடது கால் விழும்போது பெரிய டிரம், வலது கால் விழும்போது சின்ன டிரம், நாலு எட்டுக்கு ஒரு மூச்சு. பாட்டின் அளவும் தெருவின் அளவுதான். பல்லவி தண்ணீர்த் தொட்டி வரைக்கும், சரணம் ரேஷன் கடை வரைக்கும். தெரு முனை வந்து சப்பரம் திரும்பும்போது பாட்டு முடியும். அப்பா மட்டும் ஒருநாள், செத்த நேரம் உட்கார்ந்து வாசித்துப் பார்த்தால் என்ன என்று கேட்டிருக்கிறார். மாமா விழுந்து விழுந்து சிரித்தாராம்.

"உக்காருறதுக்கு என்ன அத்தான் பிராக்டிஸு? நடந்துக்கிட்டு வாசிக்கதுல்லா கஷ்டம். அதயே நாம வாசிக்கோம்."

எல்லோருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

இது போதாதென்று புது யூனிஃபார்ம் வேறு. சிவப்புக் கோட்டு, தங்க நிறத்தில் கயிறு. ஆண்கள் டெய்லர் தீபாவளித் துணியோடு முடியாது என்று கைவிரித்துவிட்டதால் அம்மாவுக்கு ஜாக்கெட் தைக்கிற டெய்லரிடம் கொடுத்தார்கள். அவர் கை சும்மா இருக்குமா? பழக்க தோஷத்தில் தோள்பட்டைக்கு லேசாகப் பஃப் வைத்துவிட்டார். புரோட்டா மாஸ்டருக்குத்தான் அது நன்றாகப் பொருந்தியது. மில் ஃபிட்டர் போட்டுப் பார்த்துவிட்டுக் கண்ணாடியை விட்டு நகர மாட்டேன் என்று நின்றார்.

எங்கள் வகுப்பு டீச்சரின் கணவர் அந்தச் சங்கத்தில் இருந்தார். அதனால் விழாவுக்கு வரவேற்புப் பாட்டுப் பாட எங்கள் வகுப்பே போக வேண்டும் என்று ஆகிவிட்டது. காய்ச்சல் என்று சொல்லிப் பார்த்தேன். அம்மா கழுத்தில் கை வைத்துப் பார்த்துவிட்டுப் பள்ளி யூனிஃபார்மை எடுத்துக் கொடுத்தாள்.

கண்மாய் அன்று நிஜமாகவே நன்றாக இருந்தது. கரை வரைக்கும் தண்ணீர் தளும்பி நின்றது. அந்தப் பக்கம் மலை நீலமாகத் தெரிந்தது. நடைபாதையில் ஒரு ஓரமாக ஷாமியானா போட்டு, வாழை கட்டி, எதிரும் புதிருமாக நாற்காலி போட்டிருந்தார்கள். நாங்கள் வரவேற்புப் பாட்டைப் பாடிவிட்டு முன்னால் விரித்திருந்த ஜமுக்காளத்தில் உட்கார்ந்தோம். பேண்டு வந்தது. பஃப் கைகளைப் பார்த்ததுமே எனக்குப் பின்னால் கிசுகிசுப்பு ஆரம்பித்துவிட்டது. நான் தலையைக் குனிந்து ஜமுக்காளத்தின் நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். அப்பா என்னைக் கண்டுபிடித்துவிட்டார்.

"பாப்பா!" என்று கையைத் தூக்கி ஆட்டினார். மைக் பக்கத்தில் நின்று ஆட்டினார். கண்மாய் முழுக்கப் 'பாப்பா' கேட்டது.

ஆறாம் வகுப்பு 'பி' பிரிவு மொத்தமும் திரும்பி என்னைப் பார்த்தது. பக்கத்தில் இருந்தவள், "உங்க டாடியா?" என்றாள். பஃப் வைத்த கோட்டுக்குள்ளிருந்து சிரித்துக்கொண்டிருந்த அந்த மூஞ்சியும் என் மூஞ்சியும் ஒரே அச்சு. சொல்லித் தெரியவேண்டிய அவசியம் இல்லை.

தலைவர் மைக்கில் இரண்டு வார்த்தை பேசினார். சங்கத்தார் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். பேண்டும் உட்கார்ந்தது. அந்த நிமிஷத்தில்தான் மாமாவின் கஷ்டம் தொடங்கியது. உட்கார்ந்ததும் பெரிய டிரம் மேலே ஏறி அவர் முகத்தை மறைத்தது. நாற்காலியின் இரண்டு கையும் குச்சியை வீசவிடாமல் இடித்தன. எழுந்து நின்றார். நின்ற இடத்திலேயே நின்று அடிக்க அவருக்குத் தெரியவில்லை. பெரிய டிரம் எங்கேயோ விழ, சின்ன டிரம் அதைத் தேடிக்கொண்டு ஓட, மூச்சு விட வேண்டிய இடம் தெரியாமல் கிளாரினெட் ஒன்று கீச்சென்று அலறியது. டிரம்பெட் இரண்டாம் வரிக்குப் போய்விட்டது. மற்றவர்கள் முதல் வரியிலேயே நின்றார்கள். உட்கார்ந்த இடத்தில் எல்லோருடைய கால்களும் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தன.

எங்கள் பையன்கள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். யாரோ போனைத் தூக்கி வீடியோ எடுக்க ஆரம்பித்தார்கள். மாதாவே, சீக்கிரம் முடித்துவிடு என்று வேண்டிக்கொண்டேன். அப்பாவைப் பார்த்தேன். அவர் ஒருவர்தான் சரியாக வாசித்துக்கொண்டிருந்தார். கண்ணை மூடவில்லை. மாமாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமாவின் முகம் வேர்த்து வழிந்தது. குச்சியைக் கீழே போட்டுவிட்டு ஓடிவிடுவார் போல இருந்தது.

அப்போது அப்பா யூஃபோனியத்தின் வாரை எடுத்துக் கழுத்தில் மாட்டினார். எழுந்தார். நாற்காலியைக் காலால் பின்னுக்குத் தள்ளிவிட்டு, இடது காலை எடுத்து வைத்து நடக்க ஆரம்பித்தார்.

ஷாமியானாவை விட்டு வெளியே போய்விட்டார். மாமா ஒரு கணம் திகைத்தார். பிறகு பின்னாலேயே போனார். மாமாவின் இடது கால் விழுந்ததும் டிரம் சரியான இடத்தில் விழுந்தது. அவ்வளவுதான். டிரம்பெட், கிளாரினெட், சின்ன டிரம் என்று எல்லோரும் இரண்டு இரண்டு பேராக எழுந்து வரிசையில் சேர்ந்துகொண்டார்கள். பாட்டு அருமையாகப் பிடித்துக்கொண்டது. ஆனால் ஆளைக் காணோம். சங்கத்தார் கையைக் கட்டிக்கொண்டு காலி நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சரி, பல்லவி முடிந்ததும் திரும்பி வந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். கண்மாய்க் கரையில் ஏது தெரு முனை? கரை நேராகப் போய்க்கொண்டே இருந்தது. திரும்ப இடமில்லாததால் முடிக்கவும் இடமில்லை. பல்லவியையே மறுபடி மறுபடி வாசித்துக்கொண்டு போனார்கள். எதிரே வந்தவர்கள் பதறி ஒதுங்கி, பின்னால் சப்பரம் வருகிறதா பாடை வருகிறதா என்று எட்டிப் பார்த்தார்கள். ஒரு அம்மா எதற்கும் இருக்கட்டும் என்று கும்பிட்டார். சிவப்புக் கோட்டுகள் சின்னதாகிச் சின்னதாகி, சத்தமும் தண்ணீர்மேல் தேய்ந்துகொண்டே போனது.

"நம்ம சங்கத்துக்குப் பொருத்தமா நடந்துக்கிட்டே வாசிக்காங்க" என்று தலைவர் மைக்கில் சமாளித்தார். எல்லோரும் வெடித்துச் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்தார். என் காது இரண்டும் கொதித்தன. அந்தக் கண்மாய் அத்தனை நிறைந்திருந்ததே, கொஞ்சம் மேலே ஏறி வந்து என்னை மட்டும் கொண்டுபோயிருக்கக் கூடாதா என்று இருந்தது. உட்கார்ந்திருந்த பதினைந்து பேரில் முதலில் எழுந்து ஓடியது என் அப்பாதானே என்பதுதான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது. டிரம் அடிக்கத் தெரியாமல் தவித்தது மாமா. அவர்கூட நின்ற இடத்தில் நின்றாரே.

மறுகால் பாய்கிற இடம் வந்து தண்ணீர் பாதையை மறித்த பிறகுதான் பேண்டு திரும்பியது. திரும்பி வரும் வரைக்கும் அதே பல்லவி. ஷாமியானாவின் வாழை மரத்தைப் பார்த்ததும் மாமா குச்சியைத் தூக்கிக் காட்ட, பாட்டு ஒரு வழியாக முடிந்தது. கை தட்டினார்கள். பாதி பேர் அதற்குள் சுண்டல் வாங்கப் போயிருந்தார்கள்.

அப்பா நாற்காலிக்குப் போகவில்லை. நின்றபடியே தலைவரைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டினார். இரண்டாவது பாட்டு என்கிறார் என்று எனக்குப் புரிந்தது. தலைவர் கைக்கடிகாரத்தைத் தட்டிக்காட்டி, சிறப்பு விருந்தினர் புறப்பட வேண்டும் என்று ஜாடையில் சொல்லிச் சிரித்துக்கொண்டே கும்பிட்டார். உடனே ஒரு துண்டைக் கொண்டுவந்து அப்பாவின் கழுத்தில் போட்டார்கள். அடுத்து எங்கள் பள்ளி அக்காக்களின் நடனம். இரண்டாவது பாட்டு இல்லை என்று தெரிந்ததும் எனக்கு உயிர் வந்தது. மாதாவுக்கு மனசார நன்றி சொன்னேன்.

திரும்பும்போது எல்லோரும் லோடு ஆட்டோவில் வந்தோம். ஆளுக்கு ஒரு பால்கோவா பொட்டலம் கொடுத்திருந்தார்கள். மாமா மட்டும் பிரிக்கவில்லை. அப்பா யூஃபோனியத்தை மடியில் வைத்துக்கொண்டு, பள்ளத்தில் வண்டி குதிக்கும்போதெல்லாம் அதன் வாயைக் கையால் மூடிக்கொண்டார். நான் அவர் பக்கம் திரும்பவே இல்லை. நாளைக்கு வகுப்பில் என்னவெல்லாம் நடக்கும் என்று எண்ணிக்கொண்டு வந்தேன். எண்ணியதைவிடக் கூடுதலாகவே நடந்தது. வீடியோ எல்லோருடைய அம்மாக்களின் போனுக்கும் வந்திருந்தது. மணி அடித்தால் பையன்கள் வரிசையாக எழுந்து, கன்னத்தை உப்ப வைத்துக்கொண்டு வகுப்பை விட்டு வெளியே நடந்து போனார்கள். அந்த வருஷம் முடியும்வரை போனார்கள்.

அதற்கு முன்னால் திங்கட்கிழமை காலையிலேயே மாமா எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். நான் பஸ்சுக்குக் கிளம்பி, இட்லி சாப்பிட உட்கார்ந்திருந்தேன். அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மாமா உள்ளே வராமல் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண் வீங்கியிருந்தது.

"அத்தான்," என்றார். "நான் இனிமே டிரம்ம தொட மாட்டேன். ஒங்க பாட்டே என்னாலதான்..."

"ஏலே, சும்மா கெட" என்றார் அப்பா. "எனக்குக் காலு மரத்துப்போச்சுலே. அம்புட்டு நேரம் அசையாம உக்காந்து பழக்கமா நமக்கு? ஒரு நிமிசம் தாங்க முடியல. அதான் எந்திச்சிட்டேன். நல்ல வேள, நீ பின்னாலயே வந்த. இல்லன்னா நான் தனியால்லா லூசுப்பய மாதிரி நடந்து போயிருப்பேன்."

மாமா அவரையே பார்த்தார். "நெசமாவா அத்தான்?"

"பொறவு? வா மாப்ளே, இட்லி ஆறுது."

மாமா முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில், எதிரே வந்த அந்த அம்மா கும்பிட்டதைச் சொல்லி இரண்டு பேரும் சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எல்லாம் ஒரு கால் மரத்துப்போனதாலா? பத்து நிமிஷம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்காரத் தெரியாதா ஒரு மனுஷனுக்கு? இதை நான் வகுப்பில் யாரிடமாவது சொல்லவாவது முடியுமா? அப்பாவின் காலை முறைத்துப் பார்த்தேன். அவர் சம்மணம் போட்டு நன்றாகத்தான் உட்கார்ந்திருந்தார்.

அம்மா இட்லிச் சட்டியைத் திறந்து கையில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள். அப்பாவைப் பார்த்தாள். மாமாவைப் பார்த்தாள். நடுக்கூடத்தில் ஒரு மாதமாகக் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியைப் பார்த்தாள். சட்னி எடுத்துவருகிறேன் என்று அடுப்படிக்குள் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை. எடுத்துவர இவ்வளவு நேரமா என்று எனக்கு விளங்கவில்லை. பஸ் வந்துவிடும், சட்னியைக் கொண்டுவா என்று நான் கத்திக்கொண்டிருந்தேன்.